மொனேவின் குளத்தில் கால் நனைக்க: மும்பையில் இம்மர்சிவ் ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உள்ளே நுழைந்து நாலு எட்டு வைத்ததும் சித்தி சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "ஏலே, காலுக்கடியில தண்ணி ஓடுதுல்லா!" பின்னால் வந்த குஜராத்திக் குடும்பம் சிரித்தது. சித்தியும் சிரித்தார். ஆனாலும் பிடித்த கொசுவத்தை விடவில்லை. தரையில் ஓடியது பிரெஞ்சு ஓவியர் மொனே வரைந்த அல்லிக்குளம். கூரையில் தொங்கிய ப்ரொஜெக்டரிலிருந்து விழுந்த வெளிச்சம்தான் அது. திருநெல்வேலிப் பக்கத்துக் குளத்தில் குளித்து வளர்ந்து, முப்பது வருடமாகச் சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறவருக்கு, ஒரு நொடி அந்தக் குளம் திரும்பக் கிடைத்தது.

அந்த ஒரு நொடிக்காகவே இந்தக் கண்காட்சிகளுக்குப் போகலாம் என்பது என் கட்சி. "ஆயிரக்கணக்கில் கொடுத்து வால்பேப்பர் பார்த்துவிட்டு வந்தேன்" என்று புலம்பியவர்களையும் எனக்குத் தெரியும். இரண்டு தரப்புக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், பெரும்பாலும் போவதற்கு முன்னால் செய்த அரை மணி நேர வேலைதான். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

அங்கே ஓர் அசல் ஓவியம்கூட இருக்காது. இது தெரியாமல் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய கூடம், நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர் அல்லது இழுத்துக் கட்டிய துணி, மேலே வரிசையாக ப்ரொஜெக்டர்கள். ஒவ்வொரு ப்ரொஜெக்டரும் சுவரின் ஒரு துண்டை மட்டும் நிரப்பும். பக்கத்துத் துண்டோடு ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் வெளிச்சத்தைக் குறைத்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிடுவார்கள். ஓவியங்களின் உயர்தரப் புகைப்படங்களை வெட்டி, அசையவைத்து, இசை சேர்த்து, அரை மணி முக்கால் மணிப் படமாகச் சுற்றவிடுவார்கள். பிரான்சில் லே போ என்ற ஊரின் பழைய கல்குவாரியில் 2012 முதலும், பாரிஸில் ஒரு பழைய வார்ப்பாலையில் 2018 முதலும் இது நிரந்தரமாகவே நடக்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றும் கூடாரக் கதைதான். சில வாரம் இருக்கும், அப்புறம் மூட்டை கட்டிவிடும்.

எப்போதும் மொனே, வான்கோ, ரெனுவார் என்றே வருவதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம் ஆனால் காப்புரிமை தீர்ந்துவிடும். மொனே 1926-இல் இறந்தார், ரெனுவார் 1919-இல், வான்கோ 1890-இல். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ராயல்டி கொடுக்க வேண்டாம். பிக்காசோ என்றால் 2033 முடிய வேண்டும். ஆக, விளம்பரத்தில் ஓவியர் பெயர் பெரிதாக இருப்பதால் அவருடைய ஊர் மியூசியமே அனுப்பிவைத்த கண்காட்சி என்று நினைத்துவிட வேண்டாம். யார் வேண்டுமானாலும் இதை நடத்தலாம். நன்றாகவும் நடத்தலாம், மோசமாகவும் நடத்தலாம்.

இன்னொன்று. மும்பையில் 2023 ஜனவரியில் கஃப் பரேட் உலக வர்த்தக மையத்துக்கு வந்தது வான்கோ காட்சி. அதைப் பார்த்த பலரும் "இம்ப்ரெஷனிசம் பார்த்தாச்சு" என்றார்கள். இம்ப்ரெஷனிசம் என்பது மொனே, ரெனுவார், பிஸ்ஸாரோ முதலியோர் பாரிஸில் தொடங்கிய ஓவியப் பாணி. வான்கோ அந்தக் கூட்டத்துக்கு அடுத்த தலைமுறை. அவர்களிடம் கற்றுக்கொண்டு வேறு வழியில் போனவர். உங்களுக்கு மொனேவும் பிஸ்ஸாரோவும் வேண்டுமென்றால் விளம்பரத்தில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன்

வார நாள் போங்கள். முடிந்தால் அன்றைய முதல் ஸ்லாட். கூட்டம் இருந்தால் தரையில் விழும் படத்தை முழுக்க மனிதர்கள் மறைத்துவிடுவார்கள், நீங்கள் பார்ப்பது அல்லிக்குளமாக இருக்காது, செருப்புக் கூட்டமாக இருக்கும். ஞாயிறு என்றால் செல்ஃபிக் கூட்டம் ஒரு பக்கம், பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் இன்னொரு பக்கம்.

நடத்துகிறவர்கள் போடும் படங்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல கம்ப்யூட்டரில் வரைந்தவையாக இருக்கலாம். போய்வந்தவர்கள் எடுத்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். சுவர் எவ்வளவு உயரம், கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்கிறதா, அல்லது எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பக்கத்தில் எங்கிருந்தோ வெளிச்சம் கசியும் மால் கூடங்களில் இந்தச் சாம்பல் பிரச்சினை அதிகம்.

அப்புறம் ஒரு போன் போட்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: முதுகு சாய்க்கிற நாற்காலி உண்டா? ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சுற்றுதானா, இரண்டாவது சுற்றும் உட்காரலாமா? விஆர் கண்ணாடிக்குத் தனிக் காசா? வேகமாகச் சிமிட்டும் வெளிச்சம் வருமா? கடைசிக் கேள்வி வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு முக்கியம். ஒற்றைத் தலைவலிக்காரர்களும் கேட்டுவைக்கலாம்.

நாற்காலிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். வடக்குப் புறநகரில் ஒரு மால், அங்கே உட்கார இருந்ததெல்லாம் பீன் பேக். சித்தி ஆசையாகத்தான் உட்கார்ந்தார். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் முட்டி ஒத்துழைக்கவில்லை. நானும் டிக்கெட் கிழிக்கிற பையனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, மேலே சுவரில் ரெனுவாரின் ஜோடிகள் நடனமாடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை

இதுதான் முக்கியமான படி. ஒரு பழைய தமிழ் தினசரியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தினசரியின் ஒரு தாளை முழுக்க விரித்து, 63 சென்டிமீட்டர் அகலம், 48 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே பிறக்கக் காரணமான ஓவியத்தின் மொத்த அளவு அவ்வளவுதான்: மொனே 1872-இல் லு ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த 'இம்ப்ரெஷன், சூரியோதயம்'. அதன் பக்கத்தில் 46-க்கு 56-இல் இன்னொன்று, அது பெர்த் மொரிஸோவின் 'தொட்டில்'. தூங்கும் குழந்தையைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தாய். வான்கோவின் 'நட்சத்திர இரவு' ஏறக்குறைய 92-க்கு 74. கைபோத்தின் 'மழைநாளில் பாரிஸ் தெரு'வுக்கு மட்டும் உங்கள் சுவர் போதாது. அது 276-க்கு 212, ஆள் உயரத்தையும் தாண்டியது.

இரண்டு நாள் அந்தத் தாள்கள் சுவரிலேயே இருக்கட்டும். போகிற வருகிற போதெல்லாம் கண்ணில் படும். கண்காட்சியில் எல்லாமே ஒரே உயரம், சுவரின் உயரம். தொட்டிலும் பெரிது, தெருவும் பெரிது. ஒரு பெண் தன் அக்காள் குழந்தையைப் பார்த்த நெருக்கம், அந்தப் பெருக்கத்தில் கரைந்துவிடும். தொட்டிலில் தூங்குவது மொரிஸோவின் அக்காள் மகள்தான், பார்த்துக்கொண்டிருப்பது அக்காள். அளவு மனதில் இருந்தால், சுவரில் அது பெருகி வரும்போது எதைக் கூட்டியிருக்கிறார்கள், எது காணாமல் போயிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. 'சூரியோதயம்' ஓவியத்தைப் போனில் திறந்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும்! சுற்றியுள்ள சாம்பல் மேகத்துக்கும் சூரியனுக்கும் பிரகாசத்தில் வித்தியாசமே இல்லை, நிறத்தில் மட்டும்தான். ஹார்வர்டில் பார்வை நரம்பியல் ஆராய்ந்த மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். நம் மூளையில் நிறத்தைப் பிரித்தறியும் பகுதிக்குச் சூரியன் தெரிகிறது, வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை மட்டும் கவனிக்கும் பகுதிக்குத் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில்தான் சூரியன் துடிப்பது போல் இருக்கிறது. விளக்கும் இல்லை, மின்சாரமும் இல்லை. சாயத்தை மட்டும் வைத்து ஒரு மனிதர் சூரியனை எரியவிட்டிருக்கிறார்.

ப்ரொஜெக்டர் காட்சியில் என்ன செய்வார்கள்? நான் பார்த்ததில் அந்தச் சூரியனைப் பளிச்சென்று ஏற்றி, ஒளிவட்டமும் போட்டு, மெதுவாக மேலே எழவிட்டார்கள். கைதட்டல் விழுந்தது. மொனேவின் வித்தை அந்த இடத்தில் செத்துப்போனது. கோபப்படச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை இரட்டிப்பாகும் என்கிறேன்.

கதை கொஞ்சம் தெரிந்திருப்பதும் நல்லது. அரசாங்க ஆதரவில் நடந்த சலோன் கண்காட்சி திரும்பத் திரும்ப ஒதுக்கியதால், இவர்களே சேர்ந்து 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில் நதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தனிக் கண்காட்சி வைத்தார்கள். லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர், மொனேவின் அந்தக் கடல் காட்சியைவிட, பாதி அச்சான வால்பேப்பரே முழுமையாக இருக்கிறது என்று நக்கலடித்து, 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று பட்டம் கட்டினார். திட்டே பெயராகிவிட்டது. நூற்றைம்பது வருடம் கழித்து அதே ஓவியத்தை நிஜமாகவே வால்பேப்பராக்கி நமக்கு டிக்கெட் விற்கிறார்கள், அது வேறு கதை. 1886 வரை மொத்தம் 8 கண்காட்சிகள், எட்டிலும் பங்கெடுத்தவர் பிஸ்ஸாரோ ஒருவரே.

ஏன் அந்தக் காலத்தில், ஏன் வெளியில் போய் வரைந்தார்கள்? ரண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் பிதுக்கும் தகரக் குழாயில் சாயத்தை அடைத்துக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு சாயத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குழாய் வந்ததும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரையலாம் என்றாகிவிட்டது. அந்த ரயிலையும் மொனே விடவில்லை. 1877-இல் சான் லசார் நிலையத்தின் புகையை விதவிதமாக 12 முறை வரைந்தார். தாதரில் தினம் ரயில் பிடிக்கிறவர்களுக்கு அந்த ஓவியங்கள் நன்றாகவே புரியும்.

போகும் வழி

கஃப் பரேட் என்றால் கோலிவாடாக்காரர்கள் குரு தேக் பகதூர் நகரில் ஹார்பர் லைன் பிடித்து சிஎஸ்எம்டி, அங்கிருந்து பூமிக்கடியில் ஓடும் அக்வா லைன் மெட்ரோவில் கடைசி நிறுத்தம். மாட்டுங்காவிலிருந்து வருகிறவர்கள் தாதரிலேயே மெட்ரோ ஏறலாம். பெரிய கண்காட்சிகள் பிகேசியிலும் கோரேகாவ் நெஸ்கோவிலும்கூட நடப்பதால் இடத்தைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு மெல்லிய சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஏசி எலும்பைத் துளைக்கும். வழுக்காத செருப்பு போடுங்கள். வெளிர் நிறத்தில் உடுத்துங்கள், முடிந்தால் வெள்ளை. படம் உங்கள் மேலும் விழும். மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டியில் அல்லிப் பூ மிதப்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பெரியவருக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

உள்ளே

வாசலில் விளக்கப் பலகைகள் வரிசையாக இருக்கும். அதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். நேராகப் பெரிய கூடத்துக்குப் போங்கள், கண் ஓய்ந்துபோவதற்குள்.

முதல் சுற்று உட்கார்ந்தே பாருங்கள், போனைத் தொடாமல். சுவரோரம் உட்கார்ந்தால் எதிர்ச் சுவர் முழுசாகத் தெரியும். நடுவில் உட்கார்ந்தால் உள்ளே மிதக்கிற உணர்வு கிடைக்கும், ஆனால் தலைசுற்றல்காரர்களுக்கு அந்த இடம் ஆகாது. நான்கு சுவரும் தரையும் சேர்ந்து நகரும்போது, உடம்பு 'நிற்கிறேன்' என்கிறது, கண் 'நகர்கிறாய்' என்கிறது. மூளைக்கு எதை நம்புவதென்று தெரியாமல் குமட்டல் வரும். அசையாத ஒரு பொருளை, வாசல் விளக்கையோ முன்னால் இருப்பவரின் தலையையோ, கொஞ்ச நேரம் பாருங்கள். அடங்காவிட்டால் கண்ணை மூடுங்கள். எழுந்து ஓட வேண்டாம், நகரும் தரையில் நடப்பது இன்னும் மோசம்.

இரண்டாவது சுற்றில் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போங்கள். தூரிகைத் தடம் உள்ளங்கை அகலத்துக்கு, சில இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். இது அசலுக்கு முன்னால் நின்றாலும் கிடைக்காத சலுகை. மியூசியத்தில் கயிறு கட்டியிருப்பார்கள். நிழலுக்குக் கறுப்பைப் பூசாமல் நீலமும் ஊதாவும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். பச்சை இலைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு சிவப்பு எதற்கு? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று செவ்ருல் என்ற வேதியியலாளர் 1839-லேயே எழுதியிருந்தார். நம் வீட்டுப் பெண்கள் மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு பார்டர் தேடுவது இதே கணக்குதான்.

இன்னும் நெருங்கினால் சதுரம் சதுரமாகப் புள்ளிகள் தெரியும். அதோடு மாயம் முடிந்தது. சாயத்தின் மேடு பள்ளம் எதுவும் இருக்காது, கை வைத்தால் துணி.

எது ஓவியர் வரைந்தது, எது அனிமேஷன்காரர் சேர்த்தது என்று கூட வந்த பிள்ளைகளோடு பந்தயம் கட்டலாம். பறவை பறப்பது, ரயில் நகர்வது, பெண்கள் கண் சிமிட்டுவது எல்லாம் பின்னால் வந்தவை. மொனே அசைவை வேறு மாதிரி பிடித்தார். ருவாங் தேவாலயத்தின் ஒரே முகப்பை, காலை, மதியம், மூட்டம், வெயில் என்று 1890-களில் கிட்டத்தட்ட முப்பது தடவை வரைந்தார். வெளிச்சம் மாறினால் பக்கத்தில் இருக்கும் அடுத்த கித்தானுக்குப் போய்விடுவார். காட்சியில் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கரைத்துக் காட்டுவார்கள். இந்த ஓர் இடத்தில் ப்ரொஜெக்டர், மொனே மனதில் வைத்திருந்ததற்கு மிக அருகில் போகிறது என்பேன்.

அல்லிக்குளம் வரும்போதும் அப்படித்தான். ஜிவெர்னியில் வீட்டுக்கு எதிரே 1893-இல் நிலம் வாங்கிக் குளம் வெட்டி, அல்லி வளர்த்து, கடைசிக் காலம் முழுக்க அதையே வரைந்தார். கண்புரை மறைத்தது, 1923-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், வரைவதை நிறுத்தவில்லை. பாரிஸ் ஒராஞ்சரி மியூசியத்தில் இரண்டு நீள்வட்டக் கூடங்களில் அந்த ஓவியங்கள் 1927-இல் திறக்கப்பட்டன. இரண்டு மீட்டர் உயரம், எல்லாம் சேர்த்து 90 மீட்டருக்கு மேல் நீளம், பார்க்கிறவரைச் சுற்றி வளைத்து நிற்கும் குளம். மேலே கூரை வழியாகப் பகல் வெளிச்சம். மேகம் போனால் ஓவியமும் மங்கும். ஒரு வகையில் அதுவும் இம்மர்சிவ் கண்காட்சிதான், ப்ரொஜெக்டர் இல்லாமல். திறந்ததைப் பார்க்க மொனே இல்லை, ஐந்து மாதம் முன்னால் இறந்துவிட்டார்.

போட்டோ எடுப்பதாக இருந்தால் மூன்றாவது சுற்றில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், உங்கள் படமும் வெளுத்துவிடும், மற்றவர்களின் குளமும் காணாமல் போய்விடும். வெளியே கடையில் குடையும் கோப்பையும் விற்பார்கள், விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பார்த்த பிறகு

அதே வாரத்தில் நிஜ சாயத்தைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சூடு ஆறிவிடும். காலா கோடாவில் ஜஹாங்கீர் கலைக்கூடம் 1952-லிருந்து இருக்கிறது, நுழைவு இலவசம். யாருடைய கண்காட்சி நடந்தாலும் சரி, ஓர் எண்ணெய் ஓவியத்துக்குப் பக்கவாட்டில் நின்று, சாயம் எவ்வளவு மேடாக நிற்கிறது என்று பாருங்கள். எதிரிலேயே தேசிய நவீன ஓவியக்கூடம், திங்கள் விடுமுறை. டெல்லி போகிற வாய்ப்பு வந்தால் அங்குள்ள தேசிய நவீன ஓவியக்கூடத்தில், ஜெய்ப்பூர் ஹவுஸில், அம்ரிதா ஷேர்கில் ஓவியங்கள் நிறைய இருக்கின்றன. பாரிஸில் படித்து, செசானையும் கோகனையும் உள்வாங்கி வந்து, தென்னிந்திய கிராமத்து மனிதர்களையும் வரைந்தவர்.

இன்னொரு இடமும் இருக்கிறது. நம்மில் பலர் மும்பைக் கடல் என்றாலே மரீன் டிரைவும் அஸ்தமனமும்தான் என்று நினைக்கிறோம். துறைமுகம் கிழக்கே பார்த்திருக்கிறது. லு ஆவ்ரிலும் மொனே ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தது துறைமுகத்தின் மேல் எழுந்த சூரியனைத்தான். குளிர்காலத்தில் ஒரு நாள் முதல் ஹார்பர் லைன் பிடித்து டாக்யார்ட் ரோடில் இறங்கினோம், நானும் சித்தியும். பாவுச்சா தக்கா படகுத்துறையில் மீன் ஏலம் இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தது. புகைமூட்டத்தில் கிரேன்கள் நீலமாக நின்றன, நடுவில் சின்னதாய் ஆரஞ்சு வட்டம், கண் கூசவே இல்லை. போனை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். வட்டம் மங்கித்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. சித்தியிடம் காட்டினேன். அவர் அதற்குள் ஒரு கூடை நெத்திலிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.